உள்ளே இழுக்காத சாயங்காலம்

மந்தைவெளி
25 செப்டம்பர் 2024

என் பேத்தி ஜுவேரியாவுக்கு, நன்னிமா ஜமீலுன்னிசா சலாம் சொல்லி எழுதறது.

அங்க உங்க போனையெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கொடுக்கறாங்களாம். அந்தக் கொஞ்ச நேரத்தையும் உன் அம்மா ஷாகிரா ஆதம்பாக்கத்துல இருந்துக்கிட்டு அவளே பேசித் தீர்த்துடறா. எனக்குன்னு மிச்சம் வைக்கறதில்ல. பெத்தவ அவளா இருக்கலாம், வளர்த்தவ நான். அதனால இனிமே லெட்டர்தான்னு முடிவு பண்ணிட்டேன். தபாலாபீஸ்ல இருந்த பொண்ணு, இன்லேண்ட் லெட்டரா, இன்னுமா பாட்டி எழுதறீங்கன்னு கேட்டுச்சு. என் பேத்தி போலீஸ் டிரெய்னிங்ல இருக்கா, அங்க போன் கூடாதுன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு வாங்கப் போனவ ஒரு கத்தை வாங்கிட்டு வந்தேன்.

தி.நகர் சந்துல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. என் தையல் மிஷினுக்கு அடியில புடவைத் துண்டை விரிச்சுத் தூங்கின பொண்ணா போலீஸ்ங்கறாங்க. புடவைக்கு ஃபால்ஸ் வெச்சுக்கிட்டே நான் உன் கதையைச் சொல்லுவேன். பக்கத்துல வளையல் வண்டி போட்டிருக்காளே நம்ம அஸ்மத்துன்னிசா, அவளுக்கு அது மனப்பாடம். நான் ஓட்டப்பந்தயத்துல ஆரம்பிச்சா அவ நீளம் தாண்டினதுல முடிப்பா. எதிர்ல நைட்டி விக்கிற ஜவஹர் மட்டும், "பாட்டி, உன் பேத்தி வந்தா மொதல்ல உன்னத்தான் புடிக்கும்"னு கிண்டல் பண்றான். அவன் கெடக்கறான்.

தீபாவளி வருதுன்னு ரோட்டுல ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டுட்டாங்க. கோட்டைத் தாண்டி சாமான் வைக்கக் கூடாது, நடுவுல ஆம்புலன்ஸ் போக வழி வேணுமாம். வருஷா வருஷம் இதே கூத்துதான். சாயங்காலமானா போலீஸ்காரர் லத்தியால தரையைத் தட்டிக்கிட்டே வருவார். நான் மிஷினை உள்ளே இழுப்பேன், அஸ்மத் வண்டியை இழுப்பா, ஜவஹர் தார்ப்பாயோட குவியலை இழுப்பான். அவர் முதுகு மறைஞ்சதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துடும். அவரும் வருவார், நாங்களும் இழுப்போம். இத்தனை வருஷத்துல அந்தச் சந்துல என் பேரு ஜமீலுன்னிசான்னு ஒரு போலீஸ்காரருக்கும் தெரியாது. ஏ கெழவி, உள்ள போ. அவ்வளவுதான் என் பேரு.

தீபாவளி பந்தோபஸ்துக்கு டிரெய்னிங்ல இருக்கற பிள்ளைங்களையும் கூட்டிட்டு வருவாங்கன்னு ஏட்டு சொன்னார். நீ எங்க சந்துக்குத்தான் வரணும். சாப்பிடாம இருக்காதே.

நன்னிமா


காவலர் பயிற்சிப் பள்ளி
6 அக்டோபர் 2024

அன்புள்ள நன்னிமா,

உங்க லெட்டர் வந்தது. இங்க யாருக்கும் லெட்டர் வராது. அதனால பேர் சொல்லிக் கூப்பிட்டப்ப எல்லாரும் ஏதோ மெமோன்னு பயந்துட்டாங்க. பக்கத்துக் கட்டில் லாவண்யா ரெண்டு தடவை வாங்கிப் படிச்சா. அவளுக்குப் பாட்டி இல்லையாம்.

விடியறதுக்கு முன்னாடி விசில். ஓட்டம், கவாத்து, அப்புறம் வகுப்பு. பூட்ஸ் கடிச்ச புண் காய்ஞ்சுடுச்சு. கவாத்துல நான் பரவாயில்லை. சட்டம்தான் தலையில ஏற மாட்டேங்குது. இப்போ கூட்டத்தைக் கையாளுற பயிற்சி நடக்குது. எங்கள்ல பாதிப் பேர் கூட்டம், பாதிப் பேர் போலீஸ். கூட்டமா நடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. திட்டலாம், தண்ணிப் பாக்கெட் வீசலாம். நேத்து லாவண்யா கூட்டமா இருந்து என்னைத் திட்டின திட்டுல மேடமே சிரிச்சுட்டாங்க.

மேடம்னா ஜெயபாரதி மேடம், எங்க இன்ஸ்பெக்டர். பயிற்சி முடிஞ்சா முதல் நாளே ரோட்டுல நிக்கப் போறவங்க நீங்க, புத்தகம் அங்க கூட வராதும்பாங்க. அவங்க திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான். கூட்டத்தைத் தள்ளாதே, அது போக ஒரு வழியை எப்பவும் காலியா வெச்சிரு. கூட்டம் கெட்டது இல்லை, வழி இல்லாத கூட்டம்தான் ஆளை மிதிக்கும். இதை எழுதும்போது அவங்க குரல் கேக்குது.

தி.நகர் பந்தோபஸ்து உறுதியாயிடுச்சு. எந்தத் தெருன்னு இன்னும் சொல்லலை. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க இருக்கற தெருவா இருந்தா முன்னாடியே வந்து சொல்லுங்க, இடத்தை மாத்தித் தர்றேன்னு மேடம் சொன்னாங்க. நான் சொல்லலாம்னு இருக்கேன் நன்னிமா. உங்க சந்துல நிக்க எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. கோவிச்சுக்காதீங்க.

அப்புறம், தபாலாபீஸ்ல எல்லாம் சத்தமா சொல்லாதீங்க. இன்னும் நான் போலீஸ் ஆகலை.

ஜுவேரியா


மந்தைவெளி
14 அக்டோபர் 2024

ஜுவேரியாவுக்கு,

மேடத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. இதுக்காகத்தான் அவசரமா எழுதறேன்.

என்னவோ மாதிரி இருக்குன்னு எழுதியிருக்க. எது மாதிரி? நன்னிமா பிளாட்பாரத்துல உட்கார்ந்திருக்கறது உன் கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சுடும்னா? அந்தப் பிளாட்பாரம்தான் உன்னை டிகிரி வரைக்கும் கொண்டு வந்துச்சு. விடியக்காலையில பெசன்ட் நகர் பீச்சுல நீ ஓட, உன் செருப்பையும் துப்பட்டாவையும் கையில வெச்சுக்கிட்டு நான் நின்னேனே, அப்ப என்னவோ மாதிரி இல்லையா? ஷாகிரா அழுதா. ஜமாத்துல ரெண்டு பேர் வந்து பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாங்க. டீ போட்டுக் கொடுத்து அனுப்பி வெச்சவ நான்.

நீ வந்து எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம் கண்ணு. சும்மா அந்தச் சந்துல நில்லு. ஒரே ஒரு சாயங்காலம், லத்தி சத்தத்துக்கு எழுந்து மிஷினை இழுக்காம நான் என் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கணும். அதை அந்தச் சந்து பார்க்கணும். அவ்வளவுதான் என் ஆசை. வேற என்ன கேட்டிருக்கேன் உன்கிட்ட?

சந்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன், வர்றது நம்ம வீட்டுப் பொண்ணு, அன்னிக்கு யாரும் உள்ளே இழுக்க வேணாம்னு. அஸ்மத் சந்தோஷப்பட்டா. அவளுக்கு முட்டி வலி, அந்த வண்டியை இழுக்கறதுக்குள்ள உயிர் போகுது.

நன்னிமா


காவலர் பயிற்சிப் பள்ளி
5 நவம்பர் 2024

நன்னிமா,

நேத்துதான் எங்களைத் திரும்ப இங்க கொண்டு வந்து விட்டாங்க. அஸ்மத் காலாவுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா? கணுக்கால்ல பிளேட் வெப்பாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னது மட்டும் தெரியும். ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கேட்டேன். நீ அதையெல்லாம் நினைக்காதேன்னு பேச்சை மாத்திட்டா. நீங்களாவது எழுதுங்க.

எனக்குத் தூக்கம் வரலை. தீபாவளிக்கு முந்தின அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கண் முன்னாடி நிக்குது. சந்துக்குள்ள வந்ததும் முதல்ல தெரிஞ்சது உங்க மிஷின். கோட்டுக்கு வெளியில, ரோட்டுல இருந்தது. அதுக்குப் பக்கத்துல காலாவோட வண்டி. எதிர்ல நைட்டிக் குவியல். கடைசி வரைக்கும் ஒருத்தரும் கோட்டுக்குள்ள இல்லை. நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. நல்ல புடவை கட்டியிருந்தீங்க. உள்ளே இழுங்கன்னு ரெண்டு வார்த்தை. அதைச் சொல்லத்தான் என்னை அங்க நிறுத்தினாங்க. நான் உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுட்டேன்.

உங்களைச் சொல்லலைன்னா வேற யாரையும் சொல்ல முடியாது. அதனால யாரையும் சொல்லலை.

அப்புறம்தான் மழை பிடிச்சது. மெயின் ரோட்டுல இருந்த ஜனமெல்லாம் ஒதுங்கறதுக்கு ஒரே நேரத்துல சந்துக்குள்ள ஓடி வந்தது. எதிர்ப் பக்கத்துல இருந்தும் வந்தது. நடுவுல ரெண்டு பேர் சேர்ந்து நடக்கக்கூட இடம் இல்லை. மேடம் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. வழி எங்க இருக்குன்னு பார்த்தேன். வழி இருந்த இடத்துலதான் எல்லா வண்டியும் நின்னுச்சு. வளையல் வண்டி சாய்ஞ்ச சத்தம் கேட்டது. காலா வண்டிக்கு அடியில கிடந்தாங்க. அவங்க மேல ரெண்டு மூணு பேர் விழுந்திருந்தாங்க. ஆம்புலன்ஸ் சந்து முனை வரைக்கும்தான் வந்தது. ஜவஹர் அண்ணனோட தார்ப்பாய்ல வெச்சு அவரும் லாவண்யாவும் நானும்தான் தூக்கிட்டுப் போனோம். உங்களுக்கு அது தெரியும். நீங்க பின்னாடியே வந்தீங்க.

விசாரணை நடக்குது. மேடம் கேட்டாங்க. மிஷின் போட்டிருந்தது என் நன்னிமா, தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்னு சொல்லிட்டேன். எழுதியும் கொடுத்துட்டேன்.

ஜுவேரியா


மந்தைவெளி
14 நவம்பர் 2024

ஜுவேரியாவுக்கு,

அஸ்மத்துக்கு பிளேட் வெச்சுட்டாங்க. ராயப்பேட்டையில மகன் வீட்டுல இருக்கா. நான் இன்னும் போய்ப் பார்க்கலை. ஏன்னு கேக்காதே.

உன் லெட்டரைப் படிச்சதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. நடந்த மறுநாளே நான் ஸ்டேஷனுக்குப் போனேன். தனியாத்தான் போனேன். அங்க இருந்த அதிகாரிகிட்ட, ஐயா, அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து சொன்னா, கெஞ்சினா, நான்தான் திமிர் பிடிச்சு இழுக்க மாட்டேன்னுட்டேன், தப்பு என்னுதுன்னேன். அவர் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "உங்க பேத்தி வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காளே பாட்டி"ன்னார். பக்கத்துல இருந்தவர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார். என்னை வெளியில பெஞ்சுல உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, ஆட்டோ பிடிச்சு அனுப்பிட்டாங்க.

உன்னைக் காப்பாத்தப் போன இடத்துல என்னைப் பொய்க்காரியாக்கிட்ட. உன் வாயால என் பேரை ஏன் சொல்லணும்? நான் பழி சுமந்தா எனக்கு என்ன போயிடும்? எனக்கு என்ன பிரமோஷனா வரப்போகுது? கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாம் என் தலையோட போயிருக்கும்.

நம்ம சந்துல எல்லாரையும் மொத்தமா காலி பண்ணிட்டாங்க. தீபாவளி வரைக்கும்தான்னு சொன்னாங்க, தீபாவளி போயும் விடலை. கோட்டுக்கு உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது. மிஷினை வீட்டுல போட்டு வெச்சிருக்கேன். மந்தைவெளியில யாரு வந்து எனக்கு ஃபால்ஸ் கொடுக்கறா? மார்க்கெட்டுல ஜவஹரைப் பார்த்தேன். கூட இருந்தவங்ககிட்ட, போலீஸ் பாட்டி வந்துகினு கீது, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பான்னான். அவனுக்கும் பிழைப்பு போச்சு, பேசட்டும். ஆனா அஸ்மத்தோட மருமக என்னைத் தெருவுல பார்த்துட்டு எதிர்ப் பக்கம் போயிட்டா பாரு, அதை என்னால தாங்க முடியலை.

இதெல்லாம் உன் சத்தியத்தால வந்தது. உனக்கு நல்லா இருக்கா?

ஜமீலுன்னிசா


ஆதம்பாக்கம்
8 டிசம்பர் 2024

நன்னிமா,

விலாசத்தைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். என்னை அனுப்பிட்டாங்க. வேலையை விட்டு இல்லை. இந்த அணியோட சேர்ந்து முடிக்க முடியாது, பொங்கலுக்கு அப்புறம் வர்ற அணியோட மறுபடி முதல்லேர்ந்து பயிற்சி எடுக்கணும். விருப்பம் இருந்தா வந்து சேரு, இல்லைன்னா எழுதிக் கொடுத்துடுன்னு சொன்னாங்க. லாவண்யாவும் மத்தவங்களும் அடுத்த மாசம் அணிவகுப்பு முடிச்சு ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. லாவண்யா கேட் வரைக்கும் வந்து என் பெட்டியைத் தூக்கிட்டு நின்னா.

உங்க பேரை ஏன் சொன்னேன்னு கேட்டிருந்தீங்க. லாவண்யாவுக்காக. சந்து முனையில நின்னது அவ. மழையில ஓடி வந்த கூட்டத்தை அவ ஏன் தடுக்கலைன்னு அவளைத்தான் முதல்ல கேட்டாங்க. அவ தடுத்திருந்தா ஜனங்க மெயின் ரோட்டுல பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்திருப்பாங்க. அவ சரியாத்தான் செஞ்சா. உள்ளே வழி இருக்கும்னு நம்பி விட்டா. உள்ளே வழியைப் பார்த்துக்க வேண்டியது நான். அவ தலையில விழுந்துட்டிருந்ததை நான் பார்த்துக்கிட்டே எப்படி நிப்பேன்? ஒரு தடவை திரும்பி நின்னது போதாதா?

நீங்க ஸ்டேஷனுக்குப் போனது எனக்குத் தெரியாது. உங்க லெட்டர்ல படிச்சதும் பாத்ரூம்ல போய் உட்கார்ந்து அழுதேன். நீங்க அந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருந்ததை நினைச்சு. ஆனாலும் நன்னிமா, நீங்க சொன்னபடி நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு ஒரு குறையும் இல்லாம யூனிஃபார்ம் கிடைச்சிருக்கும். அதுக்குள்ள நான் யாரா இருந்திருப்பேன்?

உங்ககிட்டயும் எனக்குக் கோபம் இருக்கு. இங்க எழுதிடறேன், நேர்ல எனக்கு வராது. மேடத்துக்கிட்ட சொல்லாதேன்னு நீங்க எழுதினீங்க. நான் சொல்லலை. பட்டியல்ல உங்க சந்துன்னு பார்த்தப்பகூட கை தூக்கலை. அது என் தப்புதான். ஆனா நீங்க அப்படி எழுதாம இருந்திருக்கலாம்.

அம்மாவுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்னு நினைக்கிறேன். ரொம்ப நல்லா சமைக்கறா. இங்க தெரு முனை மருந்துக்கடையில ஆள் கேக்கறாங்களாம், ஏசி இருக்கு, உட்கார ஸ்டூல் கொடுப்பாங்களாம். பேசி வெச்சுட்டா. நான் இன்னும் பதில் சொல்லலை.

ஒரு ரயில் ஏறினா உங்க வீடு. வர முடியலை. நீங்களும் வரலை. பக்கத்து வீட்டுக்காரங்க, மந்தைவெளியில இருந்து ஆதம்பாக்கத்துக்குத் தபாலான்னு சிரிக்கறாங்க.

என்னை ஓட வெச்சவங்க நீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, நான் திரும்பப் போகவா, வேண்டாமா?

ஜுவேரியா


மந்தைவெளி
22 டிசம்பர் 2024

என் கண்ணு ஜுவேரியாவுக்கு,

உன் லெட்டர் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆகுது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துட்டேன். கடைசியில அஸ்மத்தைப் பார்க்காம உனக்கு எழுதக் கூடாதுன்னு தோணுச்சு. நேத்து போனேன்.

மருமகதான் கதவைத் திறந்தா. உள்ளே விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அஸ்மத் கட்டில்ல காலை நீட்டி உட்கார்ந்து, அரிசியில கல்லு பொறுக்கிட்டிருந்தா. "வா ஜமீலு"ன்னா, எப்பவும் போலத்தான். சாப்பிட்டியான்னு கேட்டா. நான் என்னென்னவோ சொல்லணும்னு போனேன். மழை திடீர்னு வந்துச்சு, போலீஸ் ரெண்டு பக்கமும் கூட்டத்தை விட்டிருக்கக் கூடாது, விதி, இப்படி. வழியெல்லாம் பஸ்ல சொல்லிப் பார்த்துக்கிட்டுப் போனதுதான். அவ தட்டைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்தா.

"நீ சொன்னதாலதான் நான் அன்னிக்கு இழுக்கலை ஜமீலு. ஜுவேரியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இழுத்திருப்பேன். அந்தப் பிள்ளைக்கு ஏன் அந்த வார்த்தை வரலைன்னு உனக்குத் தெரியாதா?"

கோபமா சொல்லலைடி. கோபமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிட்டு எழுந்து வந்திருப்பேன். அப்புறம் அவளே மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னா. குடிச்சேன். அரிசியில பாதியை வாங்கி நானும் பொறுக்கினேன்.

அவ கேட்டதுக்கு எனக்குத் தெரியும்னுதான் பதில். அன்னிக்கு நீ சந்துக்குள்ள வந்து என் மிஷினைப் பார்த்ததும் உன் முகம் மாறினது எனக்குத் தெரிஞ்சது. நான் வளர்த்த முகம், எனக்குத் தெரியாதா? ஐயோ, இழுத்துடுங்களேன் நன்னிமான்னு கேட்டுச்சு அது. நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சிரிச்சேன். வேணும்னுதான் சிரிச்சேன். சிரிச்சா நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். நீ திரும்பி நின்னதும் ஜவஹரைப் பார்த்து, பார்த்தியான்னு தலையை ஆட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனிச்சது தெரியுமா? அதைத்தான் இப்போ முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை.

தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் என் வாயால நம்ம சந்து மொத்தத்தையும் கெடுத்தேன்.

லாவண்யாவுக்காகன்னு எழுதியிருந்த. அந்தப் பொண்ணை நான் அன்னிக்குப் பார்த்தேன். அஸ்மத்தைத் தூக்கிட்டுப் போறப்ப அவ செருப்பில்லாத காலைத் தன் கையால தாங்கிக்கிட்டு வந்தா. அவ தலையில பழி விழ நீ விட்டிருந்தா, அதுக்கப்புறம் நான் உன்னைப் பத்தி ஊர் முழுக்கப் பேசியிருப்பேன், ஆனா உன்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இருந்திருக்காது. நான் சொன்ன பொய்யை நீ பொய்யாக்கினது நல்லதுதான். இதை எழுதறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு.

போகவா வேண்டாமான்னு கேட்ட. போன தடவை உன்கிட்ட கேக்காம நானே சொன்னேன், ஓடு, தாண்டு, எழுது, போன்னு. எல்லாத்தையும் செஞ்ச. இந்தத் தடவை நீ கேட்டும் நான் சொல்ல மாட்டேன். மருந்துக்கடைன்னா மருந்துக்கடை. போலீஸ்னா போலீஸ். நன்னிமாவுக்கு ரெண்டுலயும் வருத்தம் இல்லைன்னு எழுத ஆசைதான். ஆனா அது பொய். ஒண்ணுல வருத்தம் இருக்கு. எதுலன்னு எழுத மாட்டேன்.

நன்னிமா


காவலர் பயிற்சிப் பள்ளி
20 ஜூலை 2025

அன்புள்ள நன்னிமா,

ஜனவரியில வந்தவ இவ்வளவு நாள் கழிச்சு எழுதறேன். அம்மாகிட்ட உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தெப்பக்குளம் பக்கம் ஒரு டெய்லர் கடையில உட்கார்ந்து தைக்கறீங்களாம். முதுகுக்குச் சாய்மானம் இருக்கான்னு கேட்டேன். அம்மாவுக்குத் தெரியலை.

மறுபடி முதல்லேர்ந்து எல்லாம் கத்துக்கறது நினைச்ச மாதிரி இல்லை. உடம்புக்குத் தெரியுது, மனசுக்குத்தான் எல்லாம் புதுசு. இந்த அணியில எல்லாரும் என்னைவிடச் சின்னவங்க. முதல்ல ஏன் இவ திரும்ப வந்தான்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. கூட்டப் பயிற்சி ஆரம்பிச்ச அன்னிக்கு ஜெயபாரதி மேடம், பேர் சொல்லாம ஒரு சம்பவம் சொல்றேன்னு எங்க சந்துக் கதையை ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரம் கேட்டேன். அப்புறம் எழுந்து நின்னு, மேடம், நானே சொல்றேன்னேன்.

சொன்னேன். உங்களைப் பத்தியும் சொன்னேன். நல்ல புடவை கட்டியிருந்தாங்கன்னு சொல்றப்ப மட்டும் பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டேன். மேடம் அவசரப்படுத்தலை. எல்லாம் சொல்லி முடிச்சதும் ஒரு பொண்ணு கை தூக்கிக் கேட்டா, அக்கா, இப்போ உங்க நன்னிமா அங்க உட்கார்ந்திருந்தா சொல்லுவீங்களான்னு. சொல்லுவேன்னு உடனே வரலை எனக்கு. யோசிச்சுட்டு, முதல் நாளே மேடத்துக்கிட்டப் போய் வேற தெரு கேப்பேன்னு சொன்னேன். மேடம் அதைப் பலகையில எழுதச் சொன்னாங்க.

ஆகஸ்ட் மூணாவது வாரம் எங்க அணிவகுப்பு. வீட்டு ஆளுங்க வரலாம். அதைத்தான் எழுதணும்னு பேனாவை எடுத்தேன், சுத்திச் சுத்தி வந்துட்டேன்.

நன்னிமா, நீங்க வர வேண்டாம்.

கோபத்துல சொல்லலை. கோபம் எப்பவோ போயிடுச்சு. அங்க எங்கேயோ பந்தலுக்கு அடியில நீங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா, நான் உங்களுக்காகத்தான் நடப்பேன். உங்களைச் சிரிக்க வைக்கத்தான் கையை வீசுவேன். இந்த ஒரு தடவை யாருக்காகவும் இல்லாம நடந்து பார்க்கணும்னு இருக்கு. அதுக்கப்புறம்தான் ரோட்டுல நிக்க எனக்குத் தைரியம் வரும். இது எவ்வளவு கொடுமையான வார்த்தைன்னு தெரியும். வேற யாருக்கும் நான் இதை எழுத மாட்டேன். நீங்க வந்தா திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனா வராதீங்க.

ஜுவேரியா


மந்தைவெளி
2 ஆகஸ்ட் 2025

என் பேத்தி ஜுவேரியாவுக்கு, நன்னிமா சலாம்.

சாய்மானம் இருக்கு. பழைய நாற்காலி, ஆனா நல்லது. மிஷினையும் அங்கேயே கொண்டு போட்டுட்டேன். கபாலி கோயிலுக்கு வர்றவங்க புதுப் புடவையைக் கொடுத்துட்டு சாமி பார்த்துட்டு வந்து வாங்கிட்டுப் போறாங்க. அஸ்மத் இப்போ குச்சி வெச்சு நடக்கறா. இனிமே வண்டி தள்ள முடியாது. மகன் வீட்டு வாசல்ல ஒரு மேசை போட்டு வளையல் வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமை தொழுகைக்கப்புறம் நான் போய் அவ கூட உட்கார்ந்துக்கறேன். சில நாள் பேசறோம், சில நாள் இல்லை. முன்ன மாதிரி இல்லை. இருக்காது.

நீ எழுதினது வந்து சேர்ந்துச்சு. படிச்சதும் லெட்டரை மடிச்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து மறுபடி படிச்சேன். பொய் சொல்லக் கூடாதுன்னு உன்கிட்ட கத்துக்கிட்டதால சொல்றேன், வலிச்சது. ஷாகிராவுக்கு போன் போட்டு, உன் பொண்ணு என்ன எழுதியிருக்கா பாருன்னு சொல்லலாம்னு நம்பரை அமுக்கிட்டு, அவ எடுக்கறதுக்குள்ள வெச்சுட்டேன். இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்.

நான் வரலை. ஷாகிராவையும் உன் அத்தாவையும் அனுப்பறேன். நன்னிமா ஏன் வரலைன்னு அவங்க கேட்டா முட்டி வலின்னு சொல்லிக்கறேன். அந்தப் பொய்யை மட்டும் நீ எங்கேயும் எழுதிக் கொடுத்துடாதே.

டெய்லர் கடைக்காரர் நேத்து, பேத்தி என்னம்மா பண்றான்னு கேட்டார். இங்க வந்து இத்தனை மாசத்துல நான் அவர்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வந்துச்சு எல்லாம், பீச்சு, ஓட்டம், நீளம் தாண்டினது, எல்லாம். வேலைக்குப் போயிருக்கான்னேன். எங்கன்னார். ரோட்டுல நிக்கிற வேலைன்னேன். பாவம், வெயிலாச்சேன்னார். ஆமான்னுட்டுத் தையலைப் பார்த்தேன்.

அணிவகுப்பு முடிஞ்சு போஸ்டிங் போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு விடுவாங்களாம். அப்போ மந்தைவெளிக்கு வா. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வராதே. தெரு பார்க்கும், நான் பார்க்க வைப்பேன், என்னை எனக்குத் தெரியும். சாதாரண சுடிதார்ல வா, பெட்டியில மடிச்சு எடுத்துட்டு வா. வந்ததும் கதவைச் சாத்திடறேன், ஜன்னலையும் சாத்திடறேன். அப்புறம் போட்டுக் காட்டு. எனக்கு மட்டும்.

நன்னிமா